பங்குனி, சித்திரையில் மலைப்பாதைப் பயணம்: செட்டிநாட்டிலிருந்து எந்த வழியில் ஏறுவது, எந்த வழியில் இறங்குவது?

கோட்டையூர் பயணி:

அனைவருக்கும் வணக்கம். மாசி கழிந்து பங்குனி பிறந்துவிட்டால் நம் பகுதியில் முற்பகலிலேயே தார்ச்சாலை தகிக்கத் தொடங்கிவிடும். அதே நாட்களில் மேற்கே பழனி மலைத்தொடரில் குளிர் முற்றிலும் விலகாமல், வானம் தெளிந்து, காடு பூக்கத் தொடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்த சேறும் மண்சரிவும் தீர்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் எழாத இந்த இடைவெளிதான் இரு சக்கர வண்டியில் மலையேறுவதற்கு நமக்கு வாய்க்கும் நல்ல காலம். மே மாதத்தில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்துவிட்டால், அதே சாலையில் கார்களின் புகையைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் புதிதாக வண்டி வாங்கிய தம்பிகள் எந்த மலைக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். எத்தனை கொண்டை ஊசி வளைவுகள், எந்த இடத்தில் காட்சி நன்றாக இருக்கும், எங்கே தங்கலாம் என்பவற்றைப் பலரும் விரிவாக எழுதுகிறார்கள். எந்த வழியில் இறங்குவது, எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குவது என்று கேட்பவரும் குறைவு, சொல்பவரும் குறைவு. ஏற்றத்தில் வண்டி திணறினால் நின்றுவிடும். அதனால் பெருந்தீங்கு ஏதும் இல்லை. இறக்கத்தில் நிலைமை வேறு. ஓட்டுபவர் களைத்திருப்பார், பிரேக் சூடேறியிருக்கும், பிற்பகலில் கோடை மழை திரண்டிருக்கும், வீட்டுக்குத் திரும்பும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மலைப்பயணத்தை இறக்கத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பதே நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. ஒரு மலையைப் பரிந்துரைப்பவர்கள் அங்கே ஏறும் வழியோடு இறங்கும் வழியையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் பரிந்துரையை முதலில் வைக்கிறேன். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டுப் பக்கம் சென்று, பட்டிவீரன்பட்டியிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏற வேண்டும். அங்கிருந்து பண்ணைக்காடு வழியாக ஊத்துக்குச் சென்றால் கொடைக்கானல் பெருஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். இறங்கும்போது தாண்டிக்குடிப் பக்கம் திரும்பாமல் வத்தலக்குண்டுச் சாலையிலேயே இறங்கிவிட வேண்டும். தாண்டிக்குடிச் சாலை ஒடுக்கமானது, சில இடங்களில் செங்குத்தானது; அதனால் அதை ஏறுவதற்கு வைத்துக்கொள்கிறேன். வத்தலக்குண்டுச் சாலை அகலமானது, சரிவும் அதில் சீராக இருக்கிறது. அதனால் அது இறங்குவதற்கு ஏற்றது. காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்பதால், ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று எண்ணாமல் ஓர் இரவு தங்குவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:

வணக்கம் அண்ணா. இறக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொடைக்கானலைக் காட்டிலும் கொல்லிமலையே பொருத்தம் என்று கருதுகிறேன். காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், அவ்வளவையும் கடந்து முடிக்கும்போது வண்டியைத் திருப்பும் பழக்கம் கைக்கு வந்துவிடும். மலையின் உயரமும் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டருக்குள் இருப்பதால் குளிரோ, காற்றழுத்தக் குறைவால் வண்டி இழுக்காத தொல்லையோ பெரிதாக இராது. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அங்கே இருக்கின்றன. வல்வில் ஓரி ஆண்ட மலை என்பதால் எனக்குத் தனிப்பட்ட முறையிலும் அதன்மேல் பற்று உண்டு. புதுக்கோட்டை, திருச்சி, நாமக்கல் வழியாகச் சென்றால் மலையடிவாரம் வரை நல்ல சாலைதான்.

பட்டறை மேசை:

காரைக்குடியில் நெடுங்காலமாக இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தேவகோட்டைத் தம்பி சொல்வது ஏறுவதற்குச் சரி. ஆனால் ஏறிய அத்தனை வளைவுகளிலும் பெரும்பாலோர் அன்று மாலையே இறங்குகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வளைவு நெருங்க நெருங்க பிரேக் ஆறுவதற்கு அவகாசம் குறையும். கொல்லிமலைக்குப் போய்விட்டு வரும் வண்டிகளின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் ஷூ கருகி, கண்ணாடிபோல் மினுமினுத்துப் போயிருப்பதை அடிக்கடி காண்கிறேன். அந்த மினுமினுப்பு வந்துவிட்டால், ஷூவில் தடிப்பு மிச்சம் இருந்தாலும் பிடிப்பு இருக்காது.

பிரேக் எப்படிக் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதைத் தவிர்ப்பது எளிது. டிரம் பிரேக்கில் ஷூ உரசி உண்டாகும் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. சூட்டில் டிரம் சற்று விரிவதால் மிதியை முன்னைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். ஷூவின் உராய்வும் அதே நேரத்தில் குறைந்துகொண்டே வரும். டிஸ்க் பிரேக் காற்றுப் படும்படி வெளியில் இருப்பதால் விரைவில் ஆறிவிடும். ஆனால் அதில் பிரேக் ஆயில் என்ற இன்னொரு பலவீனம் இருக்கிறது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இவை 205, 140 என்று இன்னும் குறைவு. தொடர் இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், பிடியை இழுக்கும் விசை குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்தைப் போய்ச் சேராது. இரண்டு ஆண்டுகளாக ஆயில் மாற்றாத வண்டியில் மலைக்குப் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இனி இறங்கும் முறை. ஒரு சரிவை எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரிலேயே அதை இறங்க வேண்டும் என்று எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்வார்கள். இன்றைய வண்டிகளுக்கும் அது பொருந்துகிறது. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதற்கு மேல் வேண்டிய அளவுக்கு மட்டும் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, அழுத்திக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். லேசாக அழுத்தியபடியே மைல் கணக்கில் இறங்குவதுதான் பிரேக்கைக் கருக்குகிறது. கிளட்சை அழுத்திக்கொண்டோ, நியூட்ரலில் போட்டோ, பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டோ இறங்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். எரிபொருள் ஊசித் தெளிப்பு (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) உள்ள இன்றைய வண்டிகள் கியரில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது பெட்ரோல் செலுத்துவதைத் தாமாகவே நிறுத்திக்கொள்வதால், நியூட்ரலில் இறங்குவதில் மிச்சமாவதும் ஒன்றுமில்லை.

கருகிய வாடை வந்தாலோ, பிடி தளர்ந்ததாகத் தோன்றினாலோ, கியரைக் குறைத்து, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிரம்மிலும் டிஸ்க்கிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. திடீரென்று குளிர்ந்தால் டிஸ்க் வளைந்துபோகும், டிரம் விரிசல் காணும்.

கானாடுகாத்தான் வாசகி:

பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அவர்களுக்கு நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என்னிடம் இருப்பது 125 சி.சி. ஸ்கூட்டர். பின்னால் என் தாயாரை அமர்த்திக்கொண்டு சித்திரை முதல் வாரத்தில் ஏதாவது ஒரு மலைக்குப் போக வேண்டும் என்று இருவரும் ஆசைப்படுகிறோம். நான் ஆச்சி என்று அழைக்கும் அவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டாலும் பின்னிருக்கையில் நெடுந்தூரம் அமர்ந்து வரும் பழக்கம் உண்டு. கியர் இல்லாத வண்டியில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த முடியுமா? கொடைக்கானலுக்கு ஸ்கூட்டரில் போனவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். போக முடிகிறது என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. பத்திரமாக இறங்கும் முறையைத் தெரிந்துகொண்டே புறப்பட விரும்புகிறேன்.

பட்டறை மேசை:

சகோதரிக்கு. நீங்கள் கேட்டதுதான் இந்த இழையில் மிகவும் முக்கியமான கேள்வி. ஸ்கூட்டரில் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு பெல்ட்டும், சுழல்வேகத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும் கிளட்சும் இருக்கின்றன. வண்டி ஓரளவு வேகத்தில் உருளும்வரை அந்தக் கிளட்ச் பற்றியிருக்கும். அப்போது ஆக்சிலேட்டரை மூடினால் சிறிதளவு எஞ்சின் தடை கிடைக்கும். வேகம் மிகவும் குறைந்துவிட்டால் கிளட்ச் விட்டுவிடும். அதன் பிறகு வண்டி சரிவில் தானே உருள்வதற்கும் நியூட்ரலில் உருள்வதற்கும் வேறுபாடு இல்லை. செங்குத்தான வளைவுக்குள் நுழையுமுன் வண்டி அப்படி விடுபட்டு ஓடுவதை உணர்ந்தால், ஆக்சிலேட்டரை ஒரு நொடி மெல்லத் திருகி மூடுங்கள். கிளட்ச் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆனாலும் கியர் வண்டியில் கிடைக்கும் அளவுக்குத் தடை கிடைக்காது என்பதால், ஸ்கூட்டரில் பிரேக்கின் சுமை எப்போதுமே கூடுதல்தான். இருவர் அமர்ந்தால் இன்னும் கூடும்.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில் இரு சக்கர பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்போ இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வண்டி அதற்குப் பிறகு வாங்கியதாக இருந்தால், இடப்பக்கப் பிடியை இழுக்கும்போதே முன்சக்கரமும் சிறிது பிடிக்கும். அதை நம்பி வலப்பக்கப் பிடியை மறந்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

என் யோசனை, முதல் பயணத்துக்கு நீங்கள் சிறுமலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. நத்தத்திலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையிலேயே பிரிவு வந்துவிடுகிறது. வளைவுகள் 18தான். இறக்கத்தின் தொலைவும் குறைவு என்பதால் நடுவில் ஒரு முறை நிறுத்தி ஆறவிட்டாலே போதும். அங்கே உங்கள் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்த பிறகு கொடைக்கானலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேவகோட்டைத் தம்பி:

சிறுமலையை நான் சிறிதாகத்தான் மதித்திருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், பழகுகிறவர்களுக்கு வளைவுகளின் எண்ணிக்கை தேவையில்லை என்பதும், ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் யோசிக்க நேரம் வேண்டும் என்பதும் புரிகிறது. ஆனாலும் கொல்லிமலையை முழுவதுமாக ஒதுக்கிவிட மாட்டேன். இரவு மேலே தங்கி, மறுநாள் காலையில் குளிர்ந்த பிரேக்கோடும் தெளிந்த கண்ணோடும் இறங்கினால், பட்டறை அண்ணன் சொன்ன குறை பெரும்பகுதி நீங்கிவிடுகிறது அல்லவா? மாலையில் இறங்குவதுதான் தவறு என்று நினைக்கிறேன்.

பட்டறை மேசை:

அதை மறுக்க மாட்டேன். காலையில், கூட்டம் மேலேறத் தொடங்குமுன் இறங்குவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சிங்கம்புணரி வழிப்போக்கர்:

மலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மலையடிவாரம் வரையுள்ள சமவெளியை ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள். இந்தப் பருவத்தில் அந்தச் சாலையில் கவனிக்க வேண்டியவை பல உள்ளன.

குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து செல்வது நகரத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மரபு. அது தைப்பூசத்துக்கு உரியது என்றாலும், பங்குனி உத்திரத்துக்கும் இதே சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் செல்கிறது. வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும்தான் அவர்கள் நடப்பார்கள். நாமும் வெயிலுக்கு அஞ்சி அதே விடியற்காலையில்தான் புறப்படுகிறோம். இருட்டில், காவி உடையில், வரிசை கலைந்து நடந்து வருபவர்கள் எதிர்வரும் விளக்கின் கூச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. உத்திரத்துக்கு முந்தைய ஒரு வாரம் இந்த வழியில் புறப்படுவதானால், கிழக்கு வெளுத்த பிறகு கிளம்புங்கள் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் கூடுதலாக வெயிலில் போவதால் குறைந்துவிடப்போவது ஒன்றுமில்லை.

மாசி மகத்தன்று அரளிப்பாறையில் நடக்கும் மஞ்சுவிரட்டைப் போல, சுற்றுவட்டார ஊர்களிலும் கோடைவரை மஞ்சுவிரட்டு நடந்துகொண்டே இருக்கும். வயலில் அவிழ்த்துவிடும் கட்டு மாடும் தொழுவிலிருந்து விடும் தொழு மாடும் சாலையைக் கடந்து ஓடும். பார்க்க வந்தவர்களின் வண்டிகள் இருபுறமும் நிற்கும். அன்றைக்கு மாற்று வழி கேட்டுப் போவதே நல்லது. சிங்கம்புணரியில் தென்னை நார்த் தொழில் நடப்பதால் நார்க்கட்டு ஏற்றிய லாரிகள் மெதுவாக ஊர்ந்து செல்லும். நத்தம் பக்கம் இது புளி உலுக்கும் காலம். சாலையோரப் புளிய மரங்களின் கீழே ஏணியும் ஆட்களும் இருப்பார்கள், புளியின் ஓடும் கொட்டையும் தார் மேல் சிதறிக் கிடக்கும். வளைவில் அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சிங்கம்புணரியைக் கடக்கும்போது அருகில் எழுந்து நிற்கும் பிரான்மலையைப் பாராமல் போகாதீர்கள். பாரியின் பறம்பு மலை அது. மலையைத் தேடி 200 கிலோமீட்டர் போகிறவர்களுக்கு, நம் மாவட்டத்திலேயே ஒரு மலை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டையூர் பயணி:

சிங்கம்புணரி நண்பரின் பதிவை எல்லோரும் இருமுறை படியுங்கள். நான் தாண்டிக்குடிச் சாலையைப் பரிந்துரைத்ததற்குப் பருவம் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ்ப்பழனி மலைகளில் பெரும்பாலும் காப்பித் தோட்டங்கள்தான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓர் அங்குல அளவுக்கு மழை விழுந்துவிட்டால், அதற்கு எட்டு முதல் பத்து நாட்கள் கழித்துக் காப்பிச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்துவிடும். கிளை முழுவதும் வெள்ளையாக, மல்லிகையை ஒத்த மணத்தோடு, இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே அந்தப் பூ நிற்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்துப் புறப்படுவதைவிட, தோட்டத்துக்காரர்கள் பூமழை என்று சொல்லும் அந்த முதல் மழை எப்போது விழுந்தது என்று தாண்டிக்குடியில் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுக்கொண்டு, அதிலிருந்து நாளை எண்ணிப் புறப்படுவது சிறந்தது. பட்டிவீரன்பட்டியைக் கடந்து ஏறும்போது முதலில் வறண்ட முட்புதர்க் காடும், பிறகு இலையுதிர்ந்த மரங்களும் வரும். தடியன்குடிசைக்கு மேலே நிழல் மரங்களும் மிளகுக் கொடியும் சூழ்ந்த பாதை தொடங்குகிறது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிழலுக்காக வளர்க்கும் கல்யாணமுருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்திருக்கும். அந்தச் சிவப்பும் அடியில் காப்பியின் வெண்மையுமாக நான் கண்ட காலைப்பொழுதுகளுக்கு நிகராக வேறு எந்த மலையையும் சொல்ல என்னால் இயலவில்லை. அதற்கும் மேலே, கொடைக்கானலைச் சுற்றியுள்ள உயரத்தில் காட்டுப் பூவரசு பூத்திருக்கும். குறிஞ்சியைப் பார்க்கலாமா என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். அது 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல்தான் பூக்கும். அதுவும் ஆடி, ஆவணிக்குப் பிறகே.

குளிரையும் காற்றையும் பற்றி ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காரைக்குடியில் 37 பாகை இருக்கும் பகலில் அங்கே இருபதுக்குச் சில பாகை மேலே இருக்கும், இரவில் அதற்கும் பல பாகை கீழே போகும். காற்றின் அடர்த்தியும் ஆயிரம் மீட்டருக்கு ஒன்பது, பத்து விழுக்காடு குறைவதால் எஞ்சினின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 100 சி.சி. வண்டியில் இருவர் போகிறவர்கள் இதை ஏற்றத்தில் நன்றாக உணர்வார்கள். டயரில் காற்றழுத்தம் பத்து பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறுவதால், மேலே தங்கிய மறுநாள் காலையில் இறங்குமுன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பள்ளத்தூர்ப் பெரியவர்:

பிள்ளைகள் எல்லோரும் பழனி மலையையும் கொல்லிமலையையும் பேசியாயிற்று. எனக்குப் பிடித்த வழி போடிமெட்டு. நம் கடற்கரையில் தொண்டியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 85, சிவகங்கை, மதுரை, தேனி, போடி வழியாக மூணாறைக் கடந்து கொச்சி வரை செல்கிறது. வீட்டுப் பக்கத்துச் சாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெயர் மாறாமல் தேயிலைக் காடு வரை போய்விடலாம் என்பது எனக்கு என்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. போடியிலிருந்து 17 வளைவுகள் ஏறினால் எல்லைச் சாவடி. மார்ச் மாதத்தில் மூணாறிலும் மறையூர்ச் சாலையிலும் ஜகரண்டா மரங்கள் நீலமும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும். உதிர்ந்த பூ ஈரச்சாலையில் சோப்பைப் போல வழுக்கும் என்பதால், அழகில் கண்ணை விட்டுவிடாமல் அதன்மேல் நேராக ஓட்டிச் செல்ல வேண்டும்.

மேகமலையையும் குறிப்பிட வேண்டும். சின்னமனூரிலிருந்து ஏறும் பாதையில் 18 வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அது 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. காலை ஆறு மணிக்குமேல்தான் சோதனைச் சாவடியில் விடுவார்கள், மாலை ஆறுக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த ஒழுங்கை அனைவரும் மதிக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் நான் மிகவும் அஞ்சுவது காட்டுத்தீயைத்தான். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பங்குனியில் போடிமெட்டுச் சாலையில் போகும்போது எதிரே தெரியும் மஞ்சள் புல்வெளி எவ்வளவு எளிதில் பற்றக்கூடியது என்பதை ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் வழிநெடுகிலும் வண்டியை நிறுத்திவிட்டுப் புகைபிடிப்பவர்களைப் பார்க்கிறேன். சிலர் அடுப்பு மூட்டித் தேநீர் போட்டுப் படம் பிடிக்கிறார்கள். சூடான சைலன்சரோடு வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்துவதும் ஆபத்துதான். தார் ஓரத்திலோ, மண்தரையிலோ நிறுத்துங்கள். மலைச்சரிவில் புகை கண்டால் வேடிக்கை பார்க்க நில்லாமல், அருகிலுள்ள வனத்துறைச் சாவடியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் வாசகி:

பெரியவர் சொன்னதைப் படித்தபோது மனம் கனத்தது. வனவிலங்கு எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். வளைவுகளில் பேருந்து எதிரே வந்தால் ஒதுங்கும் முறையையும் சொல்லுங்கள்.

கோட்டையூர் பயணி:

கொடைக்கானலைச் சுற்றி நீங்கள் பார்க்கக்கூடியது பெரும்பாலும் காட்டுமாடு. ஊருக்குள்ளேயே திரியும் அளவுக்குப் பழகியிருந்தாலும் அது சாதுவான விலங்கு அல்ல. தொலைவிலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், அது கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டுக்கு நடுவே புகுந்து போகலாம் என்று எண்ணவே கூடாது. தாண்டிக்குடிப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு என்பதால் அந்தச் சாலையைப் பகலில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பேருந்தைப் பொறுத்தவரை, மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டியிருக்கும். பின்பகுதி வெளிப்பக்கமாக வீசிக்கொண்டு வரும். கீழே பேருந்தின் சத்தம் கேட்டாலே வளைவுக்கு மேலேயே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு ஒதுங்க இடம் இருக்காது. நாம் ஏறும்போதும், மேலிருந்து வரும் லாரிக்காரர் விதியைப் பின்பற்றுவார் என்று நம்பி நடுச்சாலையில் வரக் கூடாது. வளைவில் பார்வை வெளியேறும் திசையில் இருக்க வேண்டும். வேகத்தை நுழையுமுன்பே குறைத்துவிட வேண்டும், உள்ளே போய்க் குறைக்கக் கூடாது.

கோடை மழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகுதான் பிடிக்கும். நீண்ட வறட்சிக்குப் பிறகு விழும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து குழம்பாகிவிடும். அந்த முதல் அரை மணி நேரம் கடைத்திண்ணை ஒன்றில் ஒதுங்கி நிற்பதே முறை.

கொடைக்கானல் செல்பவர்கள் இணையவழி நுழைவுச் சீட்டை மறந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். இரு சக்கர வண்டிதானே என்று இருந்துவிடாமல், புறப்படுமுன் பதிவு செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு அங்கே தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பின்னால் அமர்பவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் கட்டாயம்.

தேவகோட்டைத் தம்பி:

அண்ணா, கூட்டமாகச் செல்வதைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் நண்பர்கள் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போக விரும்புகிறார்கள். அனைவரும் ஒன்றாகச் சென்றால் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம்.

பட்டறை மேசை:

சமவெளியில் அது சரியாக இருக்கலாம். மலைப்பாதையில் பத்து வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிச் சென்றால், பின்னால் வருபவர் சாலையைப் பார்க்க மாட்டார், முன்வண்டியின் சிவப்பு விளக்கைத்தான் பார்ப்பார். முன்னவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்துவிடும். மூன்று அல்லது நான்கு வண்டிகளாகப் பிரிந்து, அனுபவம் குறைந்தவரை இரண்டாவதாக வைத்து, கால் மணி நேர இடைவெளியில் செல்லுங்கள். சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் துரத்த வேண்டிய தேவை வராது.

கானாடுகாத்தான் வாசகி:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சிறுமலைக்கே போவோம், அங்கே மலைவாழைப்பழம் வாங்கி வரலாம் என்று சொல்லிவிட்டார். சித்திரை இரண்டாம் ஞாயிறு விடியற்காலையில் புறப்பட்டு, முற்பகலில் மேலே இருந்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கலாம் என்று எண்ணுகிறோம். அதற்கு முந்தைய வாரத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டு, பிரேக் ஷூவையும் டயரையும் பார்த்துக்கொள்கிறேன்.

கோட்டையூர் பயணி:

நல்ல முடிவு சகோதரி. ஒரே ஒரு திருத்தம்: அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதை ஒட்டிய நாட்களும் அந்த வாரத்தில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் நத்தத்தில் மதுரைச் சாலை சேரும் இடத்தில் நெரிசல் மிகுதியாக இருக்கும். ஒரு வாரம் தள்ளி வைப்பது நல்லது. தேதி உறுதியானதும் இங்கே எழுதுங்கள். நானும் தேவகோட்டைத் தம்பியும் உங்களோடு வருகிறோம். திருப்பத்தூர்ப் பேருந்து நிலையம் அருகே காலை ஆறு மணிக்குச் சந்திக்கலாம். இறங்கும்போது என் வண்டி முன்னாலும், உங்கள் ஸ்கூட்டர் நடுவிலும், தம்பி பின்னாலும் வரட்டும். ஒன்பதாம் வளைவை ஒட்டி அகலமான இடமாகப் பார்த்து ஆறவிட நிறுத்துவோம்.